கார்ப் பைத்தியம் எத்தனை வகை? மைனர் எடுப்பதா, சிவிக் எடுப்பதா?

கேட்டவர் வெள்ளவத்தையில் அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் 27 வயதுத் தம்பி. கேள்வியின் சுருக்கம் இது: “எனக்குக் கார்ப் பைத்தியம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் நான் பார்க்கிற கார்ப் பைத்தியம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் ஓட்டுவதேயில்லை, துடைத்துக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் வாங்கி ஒரு கிழமைக்குள் எஞ்ஜினைக் கழற்றிவிட்டார். இதில் எது சரியான ரசனை? கையில் இருக்கிற காசுக்கு ஒரு பழைய மொரிஸ் மைனர் எடுப்பதா, பழைய ஹொண்டா சிவிக் எடுப்பதா?”

தம்பி, இரண்டாவது கேள்விக்கு மறுமொழி முதலாவதுக்குள்தான் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் கார் என்பது காசு கொடுத்து வாங்கும் தொல்லை. இறக்குமதி வரி காரின் விலையையே விழுங்கி ஏப்பம் விடும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பத்து வருடம் ஓடிய கார்கள் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்றன. ஆகவே கொழும்பில் ஒருவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்து அவருடைய ரசனையைக் கணக்குப் போட முடியாது. வரியும் வங்கியும் மாமனாரும் சேர்ந்து தீர்மானித்த கார் அது. எந்தத் தொல்லையை அவர் முகம் சுளிக்காமல், சொல்லப்போனால் ஆசையாகத் தேடிப் போய்ச் செய்கிறார் என்று பாருங்கள். அங்கே தெரியும் ஆள் யார் என்று.

என் கண்ணில் முதல் இடம் திருத்துபவர்களுக்கு. அதற்குக் காரணம் என் சித்தப்பா.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்து போல ஒரு சாமான். சித்தப்பா கொக்குவிலில் ஒஸ்டின் ஏ40 சோமர்செட் ஒன்றில் ஹயர் ஓடினார். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. “மண்ணெண்ணெயில் கார் ஓடுமா?” என்று உங்கள் வயதுப் பிள்ளைகள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஓடும், ஆனால் அதன் குணமறிந்து ஓட்ட வேண்டும். குளிர்ந்த எஞ்ஜினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பொனட்டுக்குள் சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து காபரேட்டருக்கு ஒரு மெல்லிய குழாய், இடையில் ஒரு திருகு. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்ஜினோடு ஒட்டியிருக்கும் மனிபோல்ட் குழாய் சூடாகும் வரை விட்டுவைப்பார். சூடு போதுமா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் தொட்டுச் சுண்டுவார். ‘சுர்’ என்றால் திருகை மாற்றுவார். வெள்ளைப் புகை ஒரு கணம் முற்றத்தை மூடும். அதன் பிறகு பெரிய தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெயில் கார் போகும். நிற்பாட்டுவதற்கு ஒரு நிமிடம் முந்தி மறுபடி பெற்றோலுக்கு மாற்றுவார், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணக் காபரேட்டரின் கிண்ணத்தில் பெற்றோல் இருக்க வேண்டும் என்று.

அந்தக் காலத்து ஒஸ்டினின் கொம்பிரஷன், அதாவது எரிபொருள் கலந்த காற்றை எஞ்ஜின் அமுக்கும் அளவு, ஏழுக்கு ஒன்றுதான். அதனால்தான் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. கொம்பிரஷன் கூடிய ஜப்பான் எஞ்ஜின்கள் நேரத்துக்கு முந்தி வெடித்துத் ‘தட தட’ என்று தட்டும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். ஒயிலும் இல்லாத காலம். சித்தப்பா டிப் ஸ்டிக்கை இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் உருட்டி, மணந்து பார்த்து, “இன்னும் நாலு நாள் போகும்” என்பார். போகும்.

அவருக்குக் கார் பிடிக்குமா என்று அந்த நாளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிழைப்பு அது. ஆனால் 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அந்தப் போத்தலையும் குழாயையும் அவர் கழற்றவில்லை. “கிடக்கட்டும், பாவம்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவருடைய மகன் இப்போது தெஹிவளையில் ஹைபிரிட் பற்றரி திருத்துகிறான். போன வருடம் சித்தப்பா கொழும்பு வந்தபோது கராஜுக்குக் கூட்டிப் போனேன். மேசையில் ஒரு டொயோட்டா அக்குவாவின் பற்றரியைப் பிரித்துப் பரப்பியிருந்தான். அக்குவாவில் 20 மொடியூல், அதாவது சின்னப் பற்றரித் துண்டு, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. பிரியஸ் என்றால் 28 மொடியூல். எல்லாம் ஒரே தொடரில் கோத்தவை என்பதால் ஒன்று சோர்ந்தால் முழுப் பற்றரியும் சோர்ந்ததாகக் கார் நினைத்துச் சிவப்பு முக்கோணத்தைக் காட்டும். கொம்பனிக்குப் போனால் முழுப் பற்றரியும் மாற்றச் சொல்வார்கள். இவன் ஒவ்வொன்றாக அளந்து, பாரம் கொடுத்து, திரும்ப அளந்து, மார்க்கர் பேனையால் அதனதன் முதுகில் இலக்கம் எழுதினான். 7.8, 7.8, 7.7, 7.8, பிறகு ஒரு 6.9. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா சொன்னார்: “அது களவு செய்யுது.” மண்ணெண்ணெய் கண்ட கண் அது.

(இதை வாசித்துவிட்டு வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர் இருக்கும் இடமெல்லாம் ஆளைக் கொல்லும் மின்சாரம். சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, சொன்ன நேரம் பொறுத்திருந்து, இறப்பர் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். உங்களால் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதில் தூசியும் நாய் மயிரும் அடைத்துத்தான் பாதிப் பற்றரிகள் சூட்டில் சாகின்றன. அதைத் துப்புரவாக வையுங்கள்.)

அடுத்தது தேடுபவர்கள். நான் இந்த வகை, மறைப்பதற்கில்லை. இவர்களுக்குக் கார் ஒரு சாட்டு; சாமான் தேடிப் போவதுதான் சுகம். கொழும்பில் இவர்களுடைய கோயில் பஞ்சிகாவத்தை. இரவில் களவு போன சைட் மிரரை விடியப் பஞ்சிகாவத்தையில் நீங்களே காசு கொடுத்து வாங்கலாம் என்பது ஊரறிந்த பகிடி. பகிடியில் எவ்வளவு உண்மையோ, அங்கே முப்பது வருடமாக ஒரே கடையில் இருந்து, கையில் ஒரு போல்ட்டை வைத்ததும் “இது நிசான் சனி பீ12, பின் சில்லு” என்று சொல்லும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

1961 வரைக்கும் வந்த மொரிஸ் மைனர்களில் இப்போது மாதிரி மினுக்கும் சிக்னல் விளக்கு இல்லை. கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று எழும்பி நிற்கும், அதற்குள் ஒரு விளக்கு எரியும். என் மைனரின் இடது கை உடைந்து மூன்று வருடம் தேடினேன். கடைசியில் ஒரு கடையில் நானா ஒருவர் பழைய பத்திரிகையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றில் வயரைத் தொட்டார்; கை ‘டக்’ என்று எழும்பி மஞ்சளாக எரிந்தது.

“எவ்வளவு நானா?”

“இது விக்க இல்ல சேர். சும்மா வச்சிருக்கன். பாக்க வடிவா இரிக்கி.”

இன்றைக்கும் தரவில்லை. நானும் விடவில்லை, மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். தேத்தண்ணி வாங்கித் தருகிறார். அவரிடம் கார் இல்லை, பஸ்ஸில்தான் வருகிறார். கார்ப் பைத்தியத்துக்குக் கார் வேண்டும் என்று யார் சொன்னது?

காரே இல்லாத பைத்தியங்களில் இன்னொரு வகை, இலக்கத் தகடு வாசிப்பவர்கள். எங்கள் நாட்டுத் தகட்டில் ஒரு சரித்திரமே இருக்கிறது. முதலில் சீஎல், ஈஎன் என்று ஆங்கில எழுத்துகள். பிறகு சிங்கள ‘ஸ்ரீ’. அதன் பின் வெறும் இலக்கமும் கோடும். 2000இலிருந்து மறுபடியும் ஆங்கில எழுத்து. காலி வீதியில் பஸ் தரிப்பில் நின்றபடி, போகிற காரின் தகட்டைப் பார்த்து எந்த வருடம் பதிந்தது, அந்த நேரம் அது என்ன விலை என்று சொல்வார்கள். ‘ஸ்ரீ’ தகடு இப்போது பழங்கார் விரும்பிகளுக்குப் பொக்கிஷம். ஆனால் எங்கள் தகப்பன்மாருக்கு அந்த எழுத்து வேறு கதை: 1957இலும் 58இலும் அதற்கு எதிராகத் தமிழ் ஊர்களில் போராட்டமே நடந்தது. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் எழுதி ஓட்டினார்கள். பழங்கார் அணிவகுப்பு ஒன்றில் ‘5 ஸ்ரீ’ கார் ஒன்றை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் அதைப் பார்க்காமல் அடுத்த காருக்குப் போனார். நான் கேட்கவில்லை.

துடைப்பவர்களைப் பற்றி நீங்கள் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. கடலிலிருந்து அடிக்கும் உப்பு மெரைன் டிரைவில் நிற்கும் காரை ஒரு பக்கமாகத் தின்னும். என் கட்டடத்தில் ஒரே வயதுக் கார்கள் இரண்டு. கடற்பக்கம் நின்றதற்குக் கதவின் அடிவிளிம்பு பொருபொருத்துப்போய்விட்டது, காலி வீதிப் பக்கம் நின்றதற்கு ஒன்றுமில்லை. உப்புக் காற்றில் வாழும் காருக்குத் துடைப்பவர்தான் வைத்தியர். ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர், மற்ற வாளியில் துணியை அலசத் தண்ணீர், மேலிருந்து கீழே, கடைசியில் காரின் வயிற்றுக்கும் நல்ல தண்ணீர். இவ்வளவும் செய்பவரை மதியுங்கள். மாதாமாதம் ‘கட் அண்ட் பொலிஷ்’ போடுபவரை மட்டும் நான் மதிக்க மாட்டேன். பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் வராது. ஒவ்வொரு பொலிஷும் அதில் ஒரு கடி கடிக்கும். மினுங்குகிறது என்று சந்தோஷப்படுவார், காரின் தோல் உரிந்துகொண்டிருக்கும்.

இனி உங்கள் சிவிக் கூட்டம். பெடியளின் ரசனையில் எனக்குப் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. பிடித்தது ஹொண்டாவின் விடெக். வால்வைத் திறக்கும் கெம் ஷாஃப்ட்டில் இரண்டு விதமான மேடு வெட்டி, கீழ்ச் சுற்றில் சாதுவான மேட்டிலும் 5,500 சுற்றளவில் ஏறியதும் முரட்டு மேட்டிலும் வால்வை ஓட விடுகிறார்கள். 1,600 சீசீ பீ16 எஞ்ஜின் டர்போ இல்லாமல் 160 குதிரைவலு கொடுத்தது இந்த வித்தையால்தான். அந்த மாற்றம் நடக்கும் கணத்தில் சத்தம் மாறும். அதைக் கேட்கத்தான் பெடியன் சம்பளத்தைக் கொட்டுகிறான். விளங்குகிறது, நானும் கேட்டிருக்கிறேன், மயிர் சிலிர்க்கும். பிடிக்காதது, விடெக்கே இல்லாத காருக்கு வாளி அகலத்தில் சைலன்சர் போட்டு இரவு ஒரு மணிக்கு மெரைன் டிரைவில் ஊரை எழுப்புவது. எஞ்ஜின் மாற்றிய சிவிக் என்றால் புதிய எஞ்ஜின் இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். “பிறகு பதியலாம்” என்பவர் உங்களிடம் கழித்துவிடப் பார்க்கிறார்.

வேகம் வேண்டுமானால் அதற்கென்று இடம் இருக்கிறது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துக்குள் ஒடுங்கிய பாதை, கொண்டையூசி வளைவுகள், கடிகாரத்துக்கு எதிராக ஒவ்வொருவராக ஏறுவார்கள். களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதையில் பந்தயம். பந்தயம் ஓட்டத் தெரியாத எனக்கும் அங்கே போய் நிற்கப் பிடிக்கும். ஆனால் எங்கே நிற்பது என்று பார்த்து நில்லுங்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் நல்ல படம் கிடைக்கும். கார் வருவதும் அந்தப் பக்கத்துக்குத்தான்.

போட்டியெல்லாம் வேண்டாம், ஓடினால் போதும் என்பவர்கள் ஞாயிறு விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். தெற்கு அதிவேகப் பாதையில் இவர்களைக் காண முடியாது. வளைவில்லாத பாதையில் நித்திரை வருமாம். ஜீப்காரர் தனிச் சாதி. கார் சேற்றில் புதையாவிட்டால் அன்றைக்குப் போன பயணம் வீண் என்று நினைப்பவர்கள். சிரிக்கலாம்தான், ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியபோது எங்கள் உறவினர் வீட்டுக் கிழவியைக் கூரை மட்டத்துக்குத் தூக்கிய சைலன்சரோடு வந்த ஒரு ஜீப்தான் வெளியே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

கடைசியாக ஒரு வகை, யாரும் கணக்கில் எடுக்காதது: லீற்றர் எண்ணுபவர்கள். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதே இவர்களுக்குப் போதை. பச்சை விளக்கு எப்போது விழும் என்று கணித்து, தூரத்திலேயே காலை எடுத்து, பிரேக் தொடாமல் பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் உருண்டு வருவார்கள். முந்தி இவர்களைக் கஞ்சர் என்றோம். 2022 ஜூலையில் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபோது முழுக் கொழும்பும் இவர்களிடம் பாடம் கேட்டது. அந்த நேரம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபாய். என் கடைக்கார நண்பர் ஒருவர் அப்போது பழகியதை இன்னும் விடவில்லை, டாஷ்போட்டில் 24.6 என்று வந்த நாளைப் பிள்ளையின் பிறந்தநாள் மாதிரி நினைவு வைத்திருக்கிறார்.

சரி, மைனரா சிவிக்கா.

ஓட்டும்போது கிடைக்கும் சுகம்தான் வேண்டும், சனிக்கிழமை கையில் கிறீஸ் படக்கூடாது என்றால் சிவிக்கை எடுங்கள், யாரும் கழற்றாத ஒன்றாகப் பார்த்து. கீழ்த் தளத்தில் நிறுத்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. திருத்தவும் தேடவும் ஆசை என்றால் மைனர். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அது, அதனால் சாமானுக்குப் பயப்பட வேண்டாம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றுக்குப் பாகங்கள் இலங்கையிலேயே செய்து அனுப்பினார்கள் என்றால் பாருங்கள். எஞ்ஜின் புகைக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது திருத்தக்கூடிய வருத்தம். நீங்கள் பாயை விரித்து காருக்குக் கீழே படுத்து, ஜாக் வைக்கும் இடத்தையும், பின் வில்லுத் தகடு பூட்டியிருக்கும் இடத்தையும், தரைத் தகட்டையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் எழும்பி வந்துவிடுங்கள்.

அதோடு முன்சில்லைப் பிடித்திருக்கும் ட்ரனியன். மைனரின் முன் அச்சில் சில்லு திரும்புவதே ஒரு மரையில்தான்; அந்த மரைக்குக் கிறீஸ் போகாவிட்டால் தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். 2004இல் பம்பலப்பிட்டிச் சந்தியில், பின்னேரம் ஐந்தரைக்கு, இடப்பக்கம் திருப்பியபோது என் காரின் முன்சில்லு முழங்கால் மடிந்த மாடு மாதிரி உள்ளே படுத்தது. வேகம் இல்லாததால் தப்பினேன். பஸ்காரன் ஹோன் அடிக்க, பொலிஸ்காரர் கையைக் காட்ட, நானும் ஒரு மரக்கறிக்காரரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து காரைத் தூக்கி ஓரத்தில் வைத்தோம். கிறீஸ் நிப்பிளைத் துடைத்துப் பார்த்தால் அதற்கு மேல் பெயின்ட் அடித்திருந்தது. வாங்கின நாள் தொட்டு ஒரு சொட்டுக் கிறீஸும் உள்ளே போகவில்லை. மைனருக்கு முற்பணம் கொடுக்கும் அன்றைக்கே பஞ்சிகாவத்தையில் ஒரு கிறீஸ் கன்னும் வாங்குங்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை என்று புத்தகத்தில் இருக்கும். நான் மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறேன்.